வயலெட் அத்தர் ஐந்து நிமிடத்தில் மறைந்துவிடுகிறது: கலப்படமா?

ஜூன் 3, மாலை | குப்பிக்காரன்

சென்னையில் ஓர் அத்தர்க் கடையில் 'அசல் வயலெட் பூ எண்ணெய்' என்று ஒரு சிறு குப்பி வாங்கினேன். மணிக்கட்டில் தடவியதும் அருமையான மணம். ஐந்து நிமிடம் ஆகவில்லை, ஒன்றுமே இல்லை. என் தங்கைக்கு முதலிலிருந்தே பூ வாசனை தெரியவில்லை, ஏதோ புளித்த வாடை என்கிறாள். என் மனைவி மட்டும் மாலை வரை வீடெல்லாம் மணந்ததாகச் சொல்கிறார். மூன்று பேருக்கு மூன்று விதமாகத் தெரியும் சரக்கு அசலாக இருக்க முடியுமா? எதைக் கலந்திருக்கிறார்கள்?

ஜூன் 3, இரவு | வடிசாலை

கலப்படம் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கையில் தடவிக்கொண்டு, மணம் போய்விட்டது என்று தோன்றியதும், வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி முகர்ந்து பாருங்கள். போன மணம் அங்கேயே இருக்கும்.

அந்தக் குப்பியில் இருப்பது அயனோன். வயலெட் பூவுக்கு அந்த மணத்தைக் கொடுக்கும் பொருள். எந்த வாசனையையும் முகர்ந்துகொண்டே இருந்தால் மூக்கு மரத்துத்தான் போகும், ஆனால் அயனோனிடம் அது வெகு சீக்கிரம் தோற்றுப்போகும். சற்று விலகினால் மணம் திரும்பும், நெருங்கினால் மறுபடி மறையும். உங்கள் மனைவி அறைக்கு அறை போய் வந்திருப்பார், ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் அவருக்குப் புதிதாக மணத்திருக்கும். உங்கள் தங்கையின் விஷயம் வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

கடைக்காரர் விட்ட சரடு ஒன்றே ஒன்றுதான்: 'பூ எண்ணெய்'. தெற்கு பிரான்சில் கிராஸ் வட்டாரத்தில் ஒரு காலத்தில் வயலெட் பூக்களைச் சூடான கொழுப்பில் ஊறவைத்து மணத்தை இறக்கினார்கள். கூடை கூடையாகப் பூவைக் கொட்டினாலும் கிடைப்பது சொற்பம். இன்று அந்தச் செடியிலிருந்து வியாபாரத்துக்கு வருவது பெரும்பாலும் இலையின் சாரம். அது வெள்ளரியைப் போலப் பச்சை வாடை அடிக்கும், பூ மணம் துளியும் இருக்காது. ஆகவே நீங்கள் கொடுத்த விலைக்கு வயலெட் பூ கிடைக்க வழியே இல்லை.

ஜூன் 4 | பச்சைக்கிளி

சுற்றி வளைத்துக் கெமிக்கல் என்று ஒப்புக்கொண்டீர்கள். பிறகு கலப்படம் இல்லை என்றால் எப்படி, ஐயா?

ஜூன் 4 | வடிசாலை

பூவுக்குள் இருப்பதும் கெமிக்கல்தான், தம்பி. வயலெட் பூவில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு அயனோன்கள் இருக்கின்றன. ரியாக்டரிலிருந்து (தொழிற்சாலையில் ரசாயன வினை நடக்கும் கலன்) வரும் பீட்டா அயனோனுக்கும் பூவிலிருந்து வரும் பீட்டா அயனோனுக்கும் அணு அளவில் வித்தியாசம் கிடையாது. 13 கார்பன், 20 ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். ஆல்ஃபாவில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. அதற்கு வலக்கை, இடக்கை என்று இரண்டு வடிவங்கள். இயற்கை பெரும்பாலும் ஒரு கையைத்தான் செய்யும், ரியாக்டர் இரண்டையும் சரிபாதியாகச் செய்துவிடும்.

நான் வேலைநாளின் பெரும்பகுதியை வாசனைப் பொருள் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் கெமிஸ்டாகக் கழித்தவன். இயற்கையா செயற்கையா என்ற பட்டிமன்றத்தை எங்கள் பக்கத்தில் யாரும் நடத்தியதில்லை. நாங்கள் அடித்துக்கொண்டதெல்லாம் ஒரு கேள்விக்காக: இந்த பேட்ச் சுத்தமா, இல்லையா? கெட்ட அயனோன் என்று ஒன்று உண்டு. அதைக் கெடுப்பது கச்சாப்பொருளின் ஜாதகம் அல்ல, வேலை செய்தவன் காட்டிய அவசரம்.

ஜூன் 5 | வடிசாலை

எப்படிச் செய்கிறார்கள் என்று தனிமடலில் சிலர் கேட்டிருக்கிறார்கள். இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் கதை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் ஃபெர்டினான்ட் டீமன் என்ற வேதியியலாளரும் பால் க்ரூகரும் ஐரிஸ் செடியின் கிழங்கை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கிழங்கைத் தோண்டியதும் மணக்காது. உரித்து, காயவைத்து, ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டால்தான் மெல்ல வயலெட் மணம் ஏறும். அந்த மணப்பொருளுக்கு ஐரோன் என்று பெயர். அதில் 13 கார்பன் என்று டீமன் கணக்குப் போட்டார். அதே கணக்கில் ஒன்றைச் செய்து பார்ப்போம் என்று இறங்கினார். வந்தது ஐரோன் அல்ல, அயனோன். ஆண்டு 1893. ஐரோனில் உண்மையில் 14 கார்பன் இருக்கிறது, அதைப் பிற்காலத்தில் ருசிக்கா என்ற வேதியியலாளரின் குழு நிறுவியது. ஒரு கார்பன் குறைத்து எண்ணியதால் வயலெட்டின் சொந்த மணமே கையில் வந்து விழுந்தது. வேதியியலில் இவ்வளவு லாபகரமான தப்புக்கணக்கு வேறு உண்டா என்று எனக்குத் தெரிந்த வாத்தியார் ஒருவர் கேட்பார்.

டீமன் கையில் எடுத்த இரண்டு பொருள்கள்: சிட்ரல், அசிட்டோன். சிட்ரல் என்பது எலுமிச்சைப் புல்லின் மணம். அசிட்டோன் என்பது நகப்பூச்சை அழிக்கும் திரவம். இந்த இரண்டிலிருந்து வயலெட் வரும் என்று முகர்ந்து பார்த்து யாராலும் ஊகிக்க முடியாது.

வேலை இரண்டு கட்டம்.

முதல் கட்டத்தில் சிட்ரலையும் அசிட்டோனையும் காரத்தின் முன்னிலையில் சேர்ப்பது. இரண்டும் கைகோத்து ஒரு தண்ணீர் மூலக்கூறை உதிர்த்துவிடும். 152 கிலோ சிட்ரலுக்கு 58 கிலோ அசிட்டோன், கிடைக்க வேண்டியது 192 கிலோ சூடோ அயனோன், 18 கிலோ தண்ணீர். இது காகிதக் கணக்கு. நடைமுறையில் அசிட்டோனை அதற்குப் பல மடங்கு ஊற்றுவோம். இல்லாவிட்டால் சிட்ரல் தன்னோடு தானே சேர்ந்து பிசினாகும். அசிட்டோனும் சும்மா இருக்காது, அதுவும் தன்னோடு சேர்ந்து மெசிடைல் ஆக்சைடு என்ற காரமான நெடியுள்ள சரக்கைத் தரும். மிச்ச அசிட்டோனைக் காய்ச்சி மீட்டு அடுத்த பேட்சுக்குப் பயன்படுத்தலாம்.

சூடோ அயனோன் வெளிர் மஞ்சள் எண்ணெய். அதில் வயலெட் மணம் இல்லை. அது இன்னும் நீண்ட சங்கிலியாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் கட்டம் அமிலம். குளிர்ந்த அமிலத்தில் சூடோ அயனோனைச் சொட்டுச் சொட்டாக விட, சங்கிலியின் ஒரு முனை வளைந்து வந்து வளையமாக மூடிக்கொள்ளும். அடர் கந்தக அமிலத்தில் செய்தால் பெரும்பாலும் பீட்டா வரும். பாஸ்பாரிக் அமிலம் போன்ற சாதுவான அமிலத்தில் செய்தால் ஆல்ஃபா மிகும். ஆல்ஃபா முந்தி உருவாவது, பீட்டா நிலைத்து நிற்பது. கடுமையான அமிலம் ஆல்ஃபாவையும் பீட்டாவாகத் தள்ளிவிடும். ஆல்ஃபா இனிப்பான, பூ சார்ந்த வயலெட். பீட்டாவில் மரச்சாயல் தூக்கலாக இருக்கும், ராஸ்பெர்ரிச் சாயலும் உண்டு. வாசனைக்காரர்கள் ஆல்ஃபாவைக் கேட்பார்கள். பீட்டாவை அவர்களைவிட அதிகமாக வேண்டுபவர்கள் வேறு ஆட்கள், அதைப் பின்னால் எழுதுகிறேன்.

குடுவையைக் கந்தக அமிலத்தால் கழுவப்போய்த்தான் டீமனுக்கு வயலெட் மணத்தது என்று எங்கள் தொழிற்சாலையில் ஒரு கதை உலவியது. கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 5, சற்று நேரம் கழித்து | வடிசாலை

அமிலக் கட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழைப்பே அங்கேதான்.

வளையம் மூடும்போது வெப்பம் கிளம்பும். சுற்றுறையில் உப்புக் கரைசலை ஓடவிட்டு ரியாக்டரை உறைநிலையை ஒட்டியே வைத்திருக்க வேண்டும். உள்ளே பார்த்தால் மஞ்சள் எண்ணெய் அமிலத்தைத் தொட்டதும் சிவந்து, பிறகு மாட்டுக் கல்லீரல் நிறத்துக்குப் போகும். வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கினால் சொட்டு வால்வை மூடிவிட்டு நிற்க வேண்டும். ஷிஃப்ட் முடிகிறதே என்று வால்வைத் திறந்தவன் கதி, காலையில் ரியாக்டரின் அடியைச் சுரண்டுவதுதான். தார். அயனோனாகியிருக்க வேண்டிய சரக்கெல்லாம் தார்.

அதன்பின் பனிக்கட்டி நீரில் கொட்டி, எண்ணெயைப் பிரித்து, சோடா போட்டு அமிலத்தைக் கொன்று, கழுவி, வெற்றிடத்தில் வடிக்க வேண்டும். பீட்டா அயனோன் 12 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் 126 முதல் 128 டிகிரியில் வரும். முதல் வடியில் இலேசான குப்பைகள். நடு வடிதான் காசு. கடைசி வடியில் வளையம் மூடாமல் தப்பிய சூடோ அயனோனும் கருகலும் ஏறும். நடு வடியை எங்கே நிறுத்துவது என்பதில்தான் முதலாளிக்கும் கெமிஸ்டுக்கும் சண்டை. இன்னும் அரை மணி நேரம் ஓட்டினால் இன்னும் சில கிலோ கிடைக்கும், மணம் கெடும்.

சூடோ அயனோன் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருள். சர்வதேச வாசனைப் பொருள் சங்க விதிப்படி அதை நேரடியாக வாசனையில் சேர்க்கக் கூடாது, அயனோனில் தங்கிவரும் அசுத்தமாக 2 சதவீதம் வரை பொறுத்துக்கொள்வார்கள். ஆக அந்த அரை மணி நேரப் பேராசை மூக்கோடு நிற்பதில்லை, தோலுக்கும் போகிறது. பச்சைக்கிளி தம்பி கோபப்பட வேண்டிய இடம் இதுதான்.

ஜூன் 6 | பச்சைக்கிளி

மாட்டுக் கல்லீரல் நிறத்திலிருந்து வயலெட் அத்தர். இனி என்னால் அதைத் தடவ முடியுமா?

ஜூன் 6 | வடிசாலை

முடியும். வடித்துவிட்டால் தண்ணீர் போல இருக்கும்.

ஜூன் 9 | வடிசாலை

தங்கை விஷயம்.

பீட்டா அயனோன் எல்லோருக்கும் ஒரே மாதிரி மணப்பதில்லை என்பது தொழிலில் நெடுங்காலமாகத் தெரிந்த சங்கதி. 2013இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் காரணத்தைப் பிடித்தார்கள். மூக்கில் ஓஆர்5ஏ1 என்று ஒரு மணமேற்பி உண்டு. அதன் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால் பீட்டா அயனோனைக் கண்டுபிடிக்கும் திறன் அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது. தாய் வழியிலும் தந்தை வழியிலும் அந்த மந்தமான பிரதியே வந்து சேர்ந்தவர்களுக்குப் பூ மணம் தெரியாது. செறிவாக முகர்ந்தாலும் புளிப்பாக, காட்டமாகத்தான் தெரியும். ஒரு நல்ல பிரதி இருந்தாலே போதும், பூ மணக்கும். உங்களிடம் ஒன்றாவது இருக்கிறது, தங்கையிடம் இல்லை. அவர் சொன்ன 'புளித்த வாடை' அந்த ஆய்வில் மந்த மூக்குக்காரர்கள் சொன்னதோடு பொருந்துகிறது. வீட்டில் இதற்காக அவரைக் கேலி செய்யாதீர்கள்.

எங்கள் வடிசாலையில் இப்படி ஒருவர் இருந்தார். இராத்திரி ஷிஃப்டில் வடிகலனைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர், மலையாளி, நான் சேட்டா என்று கூப்பிடுவேன். பீட்டா ஓடும் நாளில் எங்களுக்கெல்லாம் கால் மணி நேரத்தில் மூக்கு செத்துவிடும். காகிதப் பட்டையில் தோய்த்து மாறி மாறி முகர்ந்து, ஒருவர் இன்னும் நல்லதுதான் என்பார், இன்னொருவர் போய்விட்டது என்பார். சேட்டனுக்கோ வயலெட்டே தெரியாது. 'இதில் என்ன இருக்கிறது என்று இத்தனை பேர் பணம் கொடுக்கிறார்கள்?' என்று என்னிடம் உண்மையிலேயே கேட்டிருக்கிறார். ஆனால் கடைசி வடியில் கருகல் தலைகாட்டியதும் முதலில் முகம் சுளிப்பவர் அவர்தான். அயனோன் அவர் மூக்கை மறைக்கவில்லை, ஆகவே பின்னால் வரும் அழுக்கு அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. பட்டையை மூக்கருகே கொண்டுபோய், தலையைப் பின்னுக்கு இழுத்து, 'மதி சாரே' என்பார், போதும் சார் என்று. வடி வந்து சேரும் ரிசீவரை மாற்றிவிடுவேன். மறுநாள் கலவையைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்பு முடிவைப் பார்த்தால் அவர் சொன்ன இடத்தை ஒட்டித்தான் சூடோ அயனோன் ஏறத் தொடங்கியிருக்கும். அவருக்கு மணம் தெரியாது என்பதை நாங்கள் மேலிடத்தில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு பிரிவுக்கு மாற்றியிருப்பார்கள்.

ஜூன் 10 | அரட்டைக்காரி

மூக்கு தெரியாதவர் கையில் வாசனைத் தொழிற்சாலை. நம் ஊர் நிர்வாகம்தான்.

நான் கேட்க வந்தது வேறு. மருதாணிப் பூவை முகர்ந்திருக்கிறீர்களா, அண்ணா? எங்கள் பாட்டி தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார், தூக்கம் வருமாம். உங்கள் வயலெட் வர்ணனையைப் படிக்கும்போது அந்தப் பூதான் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் அண்ணனுக்கு அது மணக்கவே மணக்காது.

ஜூன் 10, இரவு | வடிசாலை

அம்மா, நீங்கள் சொன்னது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். மருதாணிப் பூவின் எண்ணெயில் அயனோன்கள் இருக்கின்றன, அதிலும் பீட்டா அயனோன் முக்கியமானது. வயலெட் செடியைக் கண்ணால் பார்த்திராத நாம் அயனோனை வேலியோரத்திலேயே முகர்ந்து வளர்ந்திருக்கிறோம். உத்தரப் பிரதேசத்தில் கன்னௌஜில் அந்தப் பூவைச் செப்புப் பாத்திரத்தில் தண்ணீரோடு காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி 'குல் ஹினா' அத்தர் செய்கிறார்கள். வெறும் ஹினா என்று விற்பது வேறு, அது பல மூலிகைகளும் வாசனைச் சரக்குகளும் சேர்ந்த கூட்டு. வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

தூக்கம் வருமா என்பது பாட்டிக்கும் தலையணைக்கும் இடையிலான விவகாரம், நான் நுழையவில்லை. அண்ணனுக்கு மணக்காததற்கு மேலே சொன்ன மரபணு காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஜூன் 12 | வடிசாலை

மருதாணி கிளப்பிவிட்டது. இரண்டு நாளாக அயனோன் எங்கெல்லாம் இருக்கிறது என்று மனத்துக்குள் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

செடிகளில் பீட்டா அயனோன் பெரும்பாலும் பீட்டா கரோட்டின் உடைவதால் வருகிறது. கேரட்டுக்கு நிறம் தரும் அதே பீட்டா கரோட்டின்தான். அதன் இரு முனைகளிலும் இருக்கும் வளையத்தைக் கத்தரித்தால் அயனோன். அதனால்தான் அது கேரட்டிலும் ராஸ்பெர்ரியிலும் இருக்கிறது. தேயிலை வாடி, நொதித்துக் கறுக்கும்போதும் அதிலுள்ள கரோட்டின் உடைந்து அயனோன் பிறக்கிறது. நல்ல தேயிலையின் பூ மணத்தில் அதற்கும் பங்கு உண்டு.

ரோஜா எண்ணெயைப் பாருங்கள். அதில் சிட்ரோனெல்லோல் என்ற மணப்பொருள் 38 சதவீதம் போல இருக்கும், பீட்டா அயனோன் 0.03 சதவீதம்தான். ஆனால் மண வலிமையைக் கணக்கிட்டால் 0.03 சதவீதக்காரன் 38 சதவீதக்காரனைவிடப் பல மடங்கு மேலே நிற்கிறான். காரணம், நூறு கோடியில் 0.007 பங்கு தண்ணீரில் கலந்திருந்தாலே மூக்கு பீட்டா அயனோனைப் பிடித்துவிடும். தெரிகிற மூக்கு, அதாவது.

ஜூன் 16 | புல்லுக்கட்டு

ஐயா, எங்கள் தாத்தா இடுக்கிப் பக்கம் புல்தைலம் காய்ச்சியவர். அந்த எண்ணெயெல்லாம் கொச்சி வழியாக வெளிநாட்டுக்கு, செண்டுக்குப் போகிறது என்பார். எலுமிச்சை வாசனைக்காகத்தான் வாங்குகிறார்கள் என்று நினைத்திருந்தேன். இந்த வயலெட்டுக்கா போயிற்று?

ஜூன் 16, இரவு | வடிசாலை

ஆம், அதில் கணிசமான பங்கு இதற்குத்தான் போயிற்று. கொச்சிப் புல்தைலத்தில் சிட்ரல் 70 முதல் 80 சதவீதம். உலகத்தில் அவ்வளவு சிட்ரலை அவ்வளவு மலிவாகத் தந்த செடி அப்போது வேறு இல்லை. சோப்புக்கு எலுமிச்சை மணமாக ஒரு பங்கு, அயனோனாக மாற ஒரு பங்கு. எர்ணாகுளம் மாவட்டம் ஓடக்காலியில் 1951இல் இந்தப் புல்லுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அங்கே உருவான ஓடி-19 ரகம், 'சுகந்தி' என்ற பெயரில், இன்றும் பயிராகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது டிரம் டிரம்மாக அந்த எண்ணெய் வந்து இறங்கும். முதல் வேலை சிட்ரல் அளவைப் பார்ப்பது. நீண்ட கழுத்துள்ள காசியா குடுவையில் அளந்து ஊற்றிய எண்ணெயோடு பைசல்பைட் கரைசலை விட்டுக் கொதிநீரில் வைத்துக் குலுக்குவோம். முதலில் வெள்ளையாகக் கட்டிதட்டும், விடாமல் குலுக்கினால் கரையும். சிட்ரல் கரைசலோடு போய்விடும், மற்றதெல்லாம் எண்ணெயாக மேலே ஏறிக் கழுத்தில் நிற்கும். கழுத்தில் கோடு போட்டிருக்கும். எவ்வளவு குறைவாக நிற்கிறதோ அவ்வளவு நல்ல எண்ணெய். வியாபாரியின் ஆள் பக்கத்திலேயே நின்று கழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், குடுவையைத் தட்டித் தட்டி அளவைக் குறைக்கப் பார்ப்பார். உங்கள் தாத்தாவுக்குக் கிடைத்த காசு அந்தக் கழுத்தில் நின்ற கோட்டைப் பொறுத்தது.

100 கிலோ பச்சைப் புல்லுக்கு அரைக் கிலோவை ஒட்டித்தான் எண்ணெய் வரும். வெட்டுவதும் சுமப்பதும் விறகு பொறுக்குவதும் ஆள் வேலை. பெரிய நிறுவனங்கள் பெட்ரோலியத்திலிருந்து சிட்ரல் செய்யத் தொடங்கியதும், சீனாவிலிருந்து லிட்சியா என்ற மரத்தின் காய் எண்ணெய் வரத் தொடங்கியதும் புல் தாக்குப்பிடிக்கவில்லை. ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் ஐசோபியூட்டீன் என்ற வாயுவையும் ஃபார்மால்டிஹைடையும் வைத்துத் தொடங்கி, சில படிகளில் சிட்ரலுக்கு வந்துவிடுகிறது. நடுவில் ஒரு துளிப் புல் கிடையாது.

ஜூன் 17 | பச்சைக்கிளி

இதைத்தானே நான் கேட்டேன்! புல்லிலிருந்து செய்தால் இயற்கை, பெட்ரோலிலிருந்து செய்தால் செயற்கை. வித்தியாசம் இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

ஜூன் 17 | வடிசாலை

வித்தியாசம் புல்லுக்கட்டின் தாத்தாவுக்கு இருக்கிறது. உங்கள் மூக்குக்கு இல்லை.

சரி, ஒரு கணக்கு. புல்லின் சிட்ரலில் 10 கார்பன். அசிட்டோனில் 3, அது அநேகமாகப் பெட்ரோலியச் சரக்கு. ஆக அந்த அயனோனின் 13 கார்பனில் 10 புல், 3 பெட்ரோல். கதிரியக்கக் கார்பன் சோதனை போட்டால் நாலில் மூன்று பங்குக்குச் சற்று மேல் 'உயிருள்ள' கார்பன் என்று காட்டும். இதை என்னவென்று சொல்வீர்கள்? உணவு மணமூட்டிகளுக்கான சட்டங்கள் இதை இயற்கை என்று ஏற்பதில்லை, வழியில் ரசாயன மாற்றம் நடந்துவிட்டது என்பதால். இயற்கை என்று எழுதி விற்பதற்காகக் கரோட்டினை நொதிகொண்டு உடைத்து அயனோன் எடுக்கிறார்கள். அது விலை உயர்ந்த சரக்கு, அத்தர்க் குப்பிக்கு வராது.

ஜூன் 4ஆம் தேதிக் குறிப்பில் கச்சாப்பொருளின் ஜாதகத்தைத் தள்ளிப் பேசியிருந்தேன். மணத்தைப் பொறுத்தவரை இப்போதும் அதேதான் சொல்வேன். ஆனால் அந்த ஜாதகம் யாருடைய அடுப்பை எரித்தது, யாருடையதை அணைத்தது என்று கேட்டால் அது வேறு வழக்கு. புல்லுக்கட்டு எழுதியதைப் படித்த பிறகு அந்த வழக்கைச் சில்லறையாக ஒதுக்க எனக்கு மனமில்லை.

ஜூன் 17 | புல்லுக்கட்டு

தாத்தா குடுவையைத் தட்டும் ஆளை நன்றாகத் திட்டுவார். இப்போதுதான் ஏன் என்று புரிகிறது.

ஜூலை 2 | வடிசாலை

பீட்டா அயனோனை யார் அதிகம் வாங்குகிறார்கள் என்று சொல்வதாகச் சொன்னேன். வைட்டமின் ஏ செய்பவர்கள்.

பீட்டா அயனோனின் வளையம்தான் வைட்டமின் ஏ மூலக்கூறின் தலை. ஸ்விட்சர்லாந்தில் ரோஷ் நிறுவனத்தின் ஓட்டோ இஸ்லர் 1947இல் பீட்டா அயனோனிலிருந்து வைட்டமின் ஏ செய்யும் தொழில்முறையைக் கொண்டுவந்தார். அதுவரை மீன் ஈரல் எண்ணெயை நம்பியிருந்த உலகம் மாறிப்போனது. இன்று செய்யப்படும் வைட்டமின் ஏயில் பெரும்பங்கு கோழித் தீவனத்துக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகிறது. வாசனைத் தொழில் அந்தப் பெரிய ஆற்றின் ஓரத்தில் செம்பில் தண்ணீர் மொள்ளும் ஆள்.

அதனால் என்ன ஆகிறது? 2017 அக்டோபர் 31 அன்று லுட்விக்ஸ்ஹாஃபெனில் பாஸ்ஃபின் சிட்ரல் ஆலை தீப்பிடித்தது. உடனே சிட்ரல், அயனோன், வைட்டமின் ஏ எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. வைட்டமின் விலை மளமளவென்று ஏறியது. 2024 ஜூலையிலும் அங்கே ஒரு வெடிப்பும் தீயும், மறுபடி வைட்டமினுக்கும் சில வாசனைப் பொருள்களுக்கும் சப்ளை நின்றது. ஜெர்மனியில் ஒரு குழாய் வெடித்தால் இங்கே சோப்புக்கு வாசனைக் காம்பவுண்ட் கலப்பவர் விலைப்பட்டியலைக் கிழித்துப் போடுகிறார்.

ஜூலை 3 | அரட்டைக்காரி

நாமக்கல் கோழியும் நானும் ஒரே ஊரில் சரக்கு வாங்குகிறோம் என்கிறீர்கள்.

ஜூலை 3 | வடிசாலை

கோழி மொத்தமாக வாங்குகிறது, அதற்கு விலை குறைவு.

ஜூலை 20 | குப்பிக்காரன்

டீ குடித்துவிட்டு வந்து முகர்ந்தேன், இருக்கிறது. நன்றி. தங்கை மருதாணிப் பூவையும் முகர்ந்து பார்த்தாள், 'ஒன்றுமில்லை' என்றாள். இன்னொரு சந்தேகம், ஐயா. அவள் ஷாம்பூ பாட்டிலில் 'ஆல்ஃபா ஐசோமெத்தில் அயனோன்' என்று எழுதியிருக்கிறது. அதுவும் இதுதானா?

ஜூலை 20 | வடிசாலை

அதன் தம்பி. அசிட்டோனுக்குப் பதில் மெத்தில் எத்தில் கீட்டோனைப் போட்டால் ஒரு கார்பன் கூடிய மெத்தில் அயனோன்கள் வரும். 14 கார்பன், ஐரோனுக்கும் அதே எண்ணிக்கை. அமைப்பு வேறு, ஆனால் மணத்தில் ஐரிஸ் கிழங்கின் பவுடர் சாயல் வந்துவிடும். முகப்பவுடர் வாசனை என்று நாம் மனத்தில் வைத்திருப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் முதலில் பெயர் சொல்லி எழுதக் கட்டாயப்படுத்திய 26 வாசனைப் பொருள்களில் இதுவும் ஒன்று. அதனால்தான் பாட்டிலில் தனியாகத் தெரிகிறது. அரிப்பு இல்லாதவரை பயப்பட ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 11 | வடிசாலை

முதுகலை வேதியியல் படிக்கும் ஒரு மாணவி, இதைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். செய்யலாம், அம்மா, உங்கள் பேராசிரியர் பக்கத்தில் இருந்தால். எலுமிச்சைப் புல் எண்ணெயை அப்படியே போடாதீர்கள். வெற்றிடத்தில் வடித்து சிட்ரலைப் பிரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கடைசிவரை எலுமிச்சை விடாது. முதல் கட்டத்தை ஐஸ் உப்புக் கலவையில் வைத்துச் செய்யுங்கள், அசிட்டோனில் கஞ்சத்தனம் வேண்டாம். அமிலத்துக்குப் போகும் முன் சூடோ அயனோனை வடித்துச் சுத்தம் செய்யுங்கள். இரண்டாம் கட்டத்தில் புனலைத் திறந்துவிட்டுக் கைப்பேசி பார்க்கக் கூடாது. வந்த பொருளைச் செமிகார்பசோன் என்ற திடப்பொருளாக்கிப் படிகம் எடுத்து உருகுநிலை பாருங்கள், மூக்கை மட்டும் நம்பாதீர்கள். அது ஏன் என்று இந்த இழையை மேலிருந்து படித்தால் தெரியும். வந்ததை முழுக்க நிரம்பிய சிறு குப்பியில், வெளிச்சம் படாமல் வையுங்கள். பாதிக் குப்பியில் காற்று புகுந்து கெடுத்துவிடும்.

முதல் முறை தார்தான் வரும். குடுவையைக் கழுவக் கொஞ்சம் அசிட்டோனை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.